தோலை உரிக்கிற அப்பா

அத்தியாயம் 14

போன வாரம் முனிராஜை வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மகள் ரக்ஷிதாவின் மூன்றாம் வகுப்பு டைரி. ‘பெற்றோர் வெள்ளிக்கிழமை கவுன்சிலரைப் பார்க்கவும்’ என்று மிஸ் அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லிவிட்டு அவன் மனைவி ஜானகி வேலைக்கு ஓடிவிட்டாள்.

ஊரெல்லாம் கார்ப்பரேட்டர் என்று சொல்கிற ஆளை முனிராஜ் கவுன்சிலர் என்றுதான் சொல்வான். குழாய்த் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த ஆள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அந்த ஆள். இப்போது பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் புதன்கிழமை காலையிலேயே போய் நின்றான்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்த கவுன்சிலர் டைரியை வாங்கிப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “அது நான் இல்லப்பா” என்றார். பிள்ளைகளின் மனசைப் பார்க்க இப்போது பள்ளிக்கூடங்களில் டாக்டர் மாதிரி ஒருத்தரை வைத்திருக்கிறார்கள், அவருக்கும் கவுன்சிலர் என்றுதான் பெயர் என்று விளக்கிச் சொல்லி அனுப்பினார்.

மத்தியானத்துக்குள் அவன் வேலை பார்க்கிற அடுகோடி கார் பட்டறை முழுவதும் விஷயம் பரவிவிட்டது. முதலாளி ஜெயராமன் அன்று முதல் முனிராஜைக் கவுன்சிலர் என்றுதான் கூப்பிடுகிறார். “கவுன்சிலரே, அந்த மாருதிக்கு ரெண்டாவது கோட்டு அடிச்சிட்டீங்களா?”

முனிராஜும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு காருக்கு பெயிண்ட் அடிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மனசைப் பார்க்கிற டாக்டரா? என் பிள்ளை மனசுக்கு என்ன வந்தது?

பதில் அன்று சாயங்காலமே கிடைத்தது. ஜானகி புத்தகப் பையைக் கொட்டித் தேடி, கட்டுரை நோட்டை எடுத்தாள். தலைப்பு ‘மை ஃபாதர்’. நடுவில் இரண்டு வரிகளைச் சுற்றி மிஸ் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

ஜானகி சத்தமாகப் படித்தாள். “மை ஃபாதர் வில் ரிமூவ் மை ஸ்கின். ஹி வில் பிரேக் மை லெக் அண்ட் கிவ் இன் மை ஹேண்ட்.”

முனிராஜுக்கு ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதுவும் தமிழ்ப் படிப்பு. அர்த்தம் கேட்டான்.

“தோலை உரிச்சிடுவியாம். காலை உடைச்சு கையில குடுத்துடுவியாம்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஜானகிதான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் கண்ணில் பயமும் இருந்தது. தொம்மலூரில் ஒரு பெரிய கம்பெனியில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். குழந்தைகளை அடிக்கிற வீடுகளைப் பற்றி அங்கே இருக்கிற பெண்கள் கேன்டீனில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாள். ஆட்கள் வீடு தேடி வந்து விசாரிப்பார்களாம். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்களாம். அதை அவள் சொன்னதும் முனிராஜின் முகம் கறுத்துவிட்டது.

“நான் எப்பனா கைய வெச்சிருக்கனா இவ மேல? நீயே சொல்லு.”

வைத்ததில்லை. அதை ஜானகி எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவாள்.

இந்தக் கதையை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு முனிராஜின் இடது புருவத்தில் இருக்கிற வெட்டு எப்படி வந்தது என்று தெரியும். சொந்த ஊர் ஆனேக்கல்லில் அவனுடைய அப்பா சைக்கிள் செயினால் அடித்தது. தம்பி தினேஷ் கடைக்குட்டி, அவன்மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அடியெல்லாம் மூத்தவனுக்குத்தான். நான்கு வருஷத்துக்கு முன்பு அப்பா செத்துப்போனபோது, ஊர் கூடியிருந்த இடத்தில் தினேஷ் ஒரு வார்த்தை சொன்னான்: “அவரு அடிச்சதாலதான் நீ உருப்பட்ட.” முனிராஜ் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அன்றிலிருந்து தம்பியோடு பேச்சு இல்லை.

ரக்ஷிதா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான். நகக்கண்ணில் பச்சை பெயிண்ட். இந்தக் கை பிள்ளை மேல் ஓங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எட்டு வருஷமாகச் சொன்னபடி நடந்திருக்கிறான். பெருமைப்பட்டுக்கொள்ள அவனிடம் இருக்கிற ஒரே சொத்து அது. அதிலேதான் இப்போது யாரோ ஒரு மிஸ் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கையை மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்பில் இரண்டு தடவை கழுவிக்கொண்டு கிளம்பினான். பஸ் முழுக்க மனசுக்குள் ஒத்திகை. எங்கள் வீட்டில் அது வெறும் வாய்ப்பேச்சு, தமிழில் எல்லா அப்பனும் அப்படித்தான் பேசுவான், வேண்டுமானால் பிள்ளையின் உடம்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தழும்பு இருந்தால் நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன். கன்னடத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், தமிழில் ஒரு தடவை.

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் எந்தக் குழந்தையின் டிரைவர் என்று கேட்டான். முனிராஜ் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, மூணாவது ‘பி’ ரக்ஷிதாவின் அப்பன் என்றான், கொஞ்சம் சத்தமாகவே.

ஜானகி ஆபீசிலிருந்து நேராக வந்து காத்திருந்தாள். அவளைக் கண்டதும் அவன் கண் முதலில் போனது அவளுடைய ஜிப் வைத்த பைக்குத்தான். புதன்கிழமை ராத்திரி அவன் கை கழுவிவிட்டு வந்தபோது அவள் ஒரு தடித்த கவரை அதில் சொருகினாள். என்ன என்று கேட்டதற்கு ஆபீஸ் கவர் என்றாள். ஆபீஸ் கவரை எதற்குச் சொருக வேண்டும்? பள்ளிக்கூடத்து ஆட்கள் ரகசியமாக ஏதாவது அனுப்பினார்களோ என்று அவனுக்குச் சந்தேகம். இன்று இருக்கிற தொல்லை போதும் என்று விட்டுவிட்டான்.

கவுன்சிலர் பெர்னதெத் மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மங்களூர்ப் பக்கம். கண்ணாடியை ஒரு சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தமிழ் ஓரளவு புரியும், பேச வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். புத்தகத்தில் இருப்பது போன்ற கன்னடம் அவருடையது. முனிராஜின் கன்னடம் பட்டறைக் கன்னடம். அவர்கள் கன்னடத்தில் பேசியதை நான் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

அறையில் இருந்ததெல்லாம் குழந்தைகள் உட்காருகிற நாற்காலிகள். முனிராஜ் ஒன்றில் உட்கார்ந்ததும் முழங்கால் நெஞ்சு வரை வந்துவிட்டது. எதிரே குட்டி மேஜைமேல் கண் துடைக்கிற காகித டப்பா. அழவைப்பதற்கென்றே ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். நான் அழமாட்டேன்.

ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தான். தோல், கால், தழும்பு, தமிழ் அப்பன்கள். ஜானகி நடுநடுவே தலையை ஆட்டினாள். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் முழங்கையை மேஜைமேல் நீட்டிக் காட்டினார்.

“சர்ம சுலீத்தினின்னு எங்க அப்பாவும் தினம் சொல்வாரு. கன்னடத்துலயும் இதே பேச்சுதான். பாருங்க, என் தோல் எனக்குத்தான் இருக்குது.”

மிஸ் டெல்லிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள், படித்துவிட்டுப் பயந்துவிட்டாள் என்றார். அந்தக் கட்டுரைக்காக மட்டும் என்றால் போனிலேயே பேசி முடித்திருப்பாராம்.

முனிராஜுக்கு மூச்சு வந்தது. எழுந்துகொள்ளலாமா என்று ஜானகியைப் பார்த்தான். அதற்குள் மேடம் ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

ரக்ஷிதா வரைந்த படம். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். ரக்ஷிதாவுக்கு இரட்டைப் பின்னல். நடுவில் அப்பா, நாற்காலியில். கையில் பெயிண்ட் அடிக்கிற கன். கண் இருந்தது, மூக்கு இருந்தது, புருவத்து வெட்டுகூட இருந்தது. சட்டைக்கு ஐந்து பட்டன். வாய் மட்டும் இல்லை.

“மறந்துட்டியான்னு கேட்டேன். மறக்கலை மேடம்னு சொன்னா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

பக்கத்து அறையிலிருந்து ரக்ஷிதாவை வரச் சொன்னார். அவள் வந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அவளுக்குச் சரியாக இருந்தது. தன்னிடம் சொன்னதை அப்பாவிடம் சொல்லச் சொன்னார் மேடம். ரக்ஷிதா மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டிக் வாட்சைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தாள்.

“தோலை உரிப்பேன்னு நீ சொன்னா எனக்கு சிரிப்புதான் வரும்ப்பா. நீ உரிக்க மாட்டே. காலை உடைப்பேன்னு சொன்னாலும் உடைக்க மாட்டே. பேச மாட்டேன்னு சொன்னா மட்டும் நெஜமாவே பேச மாட்டே.”

அவள் எதைச் சொல்கிறாள் என்று முனிராஜுக்கு உடனே தெரிந்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். கடைசிக் கோட்டு அடித்து நிறுத்தியிருந்த கார், கண்ணாடி மாதிரி மின்னியது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ரக்ஷிதா ஐந்து விரலையும் விரித்துப் பானெட்டின்மேல் வைத்துவிட்டாள். மூன்று நாள் வேலை. முனிராஜின் கை தானாகப் பாதி தூரம் மேலே போனது. அதை இழுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இனி உன்கிட்ட பேச மாட்டேன்” என்று சொன்னான்.

ஒன்பது நாள் பேசவில்லை. வேறு அப்பனாக இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பான், நான் ஒரு வார்த்தையோடு விட்டேன் என்று ஜெயராமனிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொன்னான்.

“அப்ப எனக்குப் பல்லு விழுந்துச்சு. உன்கிட்ட கொண்டாந்து காட்டுனேன். நீ பல்லைப் பார்த்துட்டு டிவியைப் பார்த்த.”

மகள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிறவளைப் போலத்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அந்தப் பல்லை முனிராஜ் பார்த்தது உண்மை. முன்பல், ஓரத்தில் ரத்தம். கேட்கத்தான் நினைத்தான், வலித்ததா என்று. நாக்கு நுனி வரை வந்ததைப் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினான். பேசமாட்டேன் என்று சொன்னவன் எப்படிப் பேசுவது?

“வாயத் தொறந்தா கை வந்துடும் மேடம்.” கன்னடத்தை மறந்துவிட்டுத் தமிழில் சொன்னான். “எங்கப்பனுக்கு மொதல்ல வாய் தொறக்கும், பின்னாடியே கை வரும். அதான் நான் வாயக் கட்டிப்புட்டேன்.”

மேடத்துக்கு அது புரிந்தது.

“சரி. அது அவளுக்கு எப்படித் தெரியும்?”

முனிராஜ் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி வரவில்லை.

அப்போது ஜானகி வாயைத் திறந்தாள். யாரையும் பார்க்காமல், டப்பாவிலிருந்து ஒரு காகிதத்தை உருவிக்கொண்டே சொன்னாள். “எனக்குப் பதினேழு நாள் மேடம். நான் வேலைக்குப் போறேன்னு சொன்ன வருஷம்.”

பிறகு மேடம் ஒரு வழி சொன்னார். சேட்டை செய்கிற குழந்தையைக் கொஞ்ச நேரம் தனியாக உட்கார வைப்பதற்கு டைம் அவுட் என்று பெயராம். ஐந்து வயதென்றால் ஐந்து நிமிஷம், ஆறென்றால் ஆறு. முக்கியமானது என்னவென்றால் அது எப்போது முடியும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இந்த வீட்டில் டைம் அவுட் அப்பாவுக்கு என்றார். கோபம் வந்தால் வந்ததாக வாயால் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொள்ளலாம். அரை மணி ஆனதும் பேசிவிட வேண்டும்.

“அதுக்குள்ள கோவம் போலன்னா?” என்று கேட்டான் முனிராஜ்.

“இன்னும் போகலைன்னு சொல்லுங்க. அதுவும் பேச்சுதானே.”

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு அறை, நாலு நாற்காலி, ஒரு டப்பா என்றுதான் முனிராஜுக்குத் தோன்றியது. படித்தவர்கள் எதையும் பெயர் வைத்துத்தான் சொல்வார்கள். ஆனாலும் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மடித்தால் முகத்தில் கோடு விழும் என்று சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பஸ்ஸில் ரக்ஷிதாவுக்கு ஜன்னலோரம். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பாவின் டைம் அவுட்டுக்குத் தன் வாட்ச்தான் கணக்கு என்று பள்ளிக்கூட கேட்டிலேயே அறிவித்துவிட்டாள். அந்த வாட்சில் பட்டனை அமுக்கினால் நீல வெளிச்சம் வரும். அதை நாலு தடவை அமுக்கிக் காட்டினாள்.

முனிராஜ் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினான். “பல்லு இன்னா பண்ண?”

“கூரை மேல போட்டேன்.”

“வலிச்சுதா?”

“இப்பதான் கேக்குறியா?” என்றாள். பிறகு அப்பாவின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம்” என்றாள். புதுப் பல் பாதி முளைத்துவிட்டிருந்தது.

“காலை உடைச்சு கையில குடுத்துடுவேன்” என்று அவன் சொன்னான். சிரித்தாள். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கவுன்சிலரைக் காட்ட வேண்டியதுதான்.

இரண்டு ஸ்டாப் தாண்டியிருக்கும். ரக்ஷிதா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

“அப்பா, தினேஷ் சித்தப்பாவுக்கு எத்தனை நிமிஷம்?”

“எதுக்கு?”

“அவரு கூடவும் பேச மாட்டேங்கிறியே. எப்ப முடியும்?”

“அது வேற.”

“எப்ப முடியும்னு அவருகிட்ட சொன்னியா?”

முனிராஜ் சட்டைப் பட்டனைச் சரிசெய்தான். தம்பியிடம் சொல்லவில்லைதான். அவனுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? இவள் எப்படிக் கேட்கிறாள் பார் என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று ஜானகி பக்கம் திரும்பினான்.

ஜானகி சிரிக்கவில்லை. மடியில் இருந்த ஜிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா கவரு அது?” என்றான்.

ஜானகி ஜிப்பைத் திறந்தாள். இனி மறைக்க வேண்டாம் என்று அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

“ஆபீஸ் கவர் இல்லைங்க. புதன்கிழமை உங்க தம்பி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாரு. ஆனேக்கல்ல இருந்து மூணு பஸ் மாறி. உங்க கையிலதான் குடுக்கணும்னாரு. நான் பிரிச்சுப் பாக்கல.”

கவரின்மேல் முனிராஜின் பெயர் தமிழில் எழுதியிருந்தது. தினேஷின் கையெழுத்து. ‘மு’வின் சுழி இப்போதும் சிறுவன் எழுதின மாதிரி பெரிசாகவே இருந்தது.

முனிராஜின் தாடை இறுகியது. உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஜானகிக்குப் பழக்கமான முகம் அது. பதினேழு நாள் பார்த்த முகம். அவள் கவரைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனாள்.

“அப்பா,” என்றாள் ரக்ஷிதா. சத்தம் போடவில்லை. “நீ இன்னும் சொல்லல. சொல்லிட்டுத்தான் மூடணும்.”

பஸ் அடுகோடி சிக்னலில் நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர் ஒரு தடவை விசில் ஊதினான். முனிராஜுக்கு வாயைத் திறக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

“எனக்கு,” என்றான் முனிராஜ். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “எனக்குக் கோவம். அரை மணி நேரம் பேச மாட்டேன்.”

ரக்ஷிதா பட்டனை அமுக்கினாள். பகல் வெளிச்சத்தில் அந்த நீலம் தெரியவே இல்லை. “நாலு இருபத்தஞ்சு. நாலு அம்பத்தஞ்சுக்குப் பேசணும்.”

முனிராஜ் தலையை ஆட்டினான். பிறகு கையை நீட்டி ஜானகியிடமிருந்து கவரை வாங்கினான். கிழிக்கவில்லை, ஜன்னல் வழியாக எறியவும் இல்லை. வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து முனிராஜ் மெல்லத் தலையைச் சாய்த்து மகளின் மணிக்கட்டை எட்டிப் பார்த்தான்.

நாலு இருபத்தாறு.